அதே பிளேடு, வேறு சவரம்

ஒரே பாக்கெட்டிலிருந்து இரண்டு பிளேடுகளை எடுத்து இரண்டு வேறு ரேசர்களில் மாட்டினேன். இடது கன்னத்துக்கு ஒன்று, வலது கன்னத்துக்கு இன்னொன்று. நுரை ஒன்றுதான், கையும் ஒன்றுதான். மழித்து முடித்துத் தடவிப் பார்த்தால் இடது பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. வலது பக்கமோ தாடை ஓரத்தில் முள்முள்ளாக நிற்கிறது, போதாக்குறைக்கு இரண்டு ரத்தப் பொட்டு வேறு. சவரம் சரியில்லை என்றால் பிளேடைத்தான் திட்டுவோம். இங்கே பிளேடு மேல் பழி போட வழியில்லை. மாறியது அதைப் பிடித்திருந்த ரேசரின் தலை மட்டுமே.

சேஃப்டி ரேசர் பிளேடின் தடிமன் 0.1 மி.மீ. தாடி முடி ஒன்றின் குறுக்களவும் ஏறக்குறைய அவ்வளவுதான். விரலால் லேசாக அழுத்தினாலே வளைந்துவிடும் தகடு அது. கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் பெற்ற காப்புரிமையின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது: பிளேடு மெல்லியதாக, மலிவானதாக இருக்கட்டும், விறைப்பை ரேசர் கொடுக்கும். கைப்பிடியைத் திருகி இறுக்கும்போது மேல் மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே சிக்கி பிளேடு வில்லாக வளைகிறது. ஒரு தாளை நுனியில் பிடித்து நீட்டிப் பாருங்கள், தொங்கிவிடும். அதையே நடுவில் கொஞ்சம் குழித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். பிளேடுக்கு நடப்பதும் அதுதான்.

ஆனால் விளிம்பு வரை யாரும் பிடித்துக்கொள்வதில்லை. பிடிக்கு வெளியே கொஞ்சம் தகடு நீட்டிக்கொண்டிருக்கும், நீச்சல் குளத்துக் குதிப்பலகை மாதிரி. என்னைக் கேட்டால் ரேசரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த நீட்டலைத்தான். இப்படி நீண்டிருக்கும் தகட்டின் நுனியில் அதே விசை பட்டால், நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். முடியில் மோதியதும் விளிம்பு வளைகிறது, முடி அறுந்ததும் சட்டென்று திரும்புகிறது, உடனே அடுத்த முடி வந்து மோதுகிறது. நமக்குக் கேட்காத அளவில் பிளேடு தடதடத்துக்கொண்டே போகிறது. தடதடக்கும் பிளேடு சில முடிகளை விட்டுவிட்டுத் தாண்டும், சில இடங்களில் தோலைக் கொத்தும். கெட்டியாகப் பிடித்த பிளேடு அப்படிச் செய்யாது.

அடுத்து, விளிம்பு எவ்வளவு வெளியே தெரிகிறது என்பது. மூடியையும் அதற்கு எதிரே இருக்கும் தடுப்புப் பட்டையையும் தொட்டபடி ஒரு நேர்கோடு போட்டதாக வைத்துக்கொள்வோம். தோல் கிட்டத்தட்ட அந்தக் கோட்டில்தான் படிகிறது. விளிம்பு கோட்டைத் தாண்டி வெளியே வந்தால் ஒட்ட மழிக்கும், கை தவறினால் வெட்டும். உள்ளே அடங்கியிருந்தால் சாது, ஆனால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இழுக்க வைக்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே கன்னத்துக்குத் தெரிந்துவிடும். விளிம்புக்கும் பட்டைக்கும் இடையே உள்ள இடைவெளி பெரிதானால் தோல் அதற்குள் பிதுங்கும். சிறிதானால் நுரையும் முடியும் போக இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும். திருகினால் இந்த இடைவெளி மாறும்படி எண்கள் போட்ட ரேசர்களும் உண்டு. பட்டைக்குப் பதில் சீப்புப் பல் வைத்தவையும் இருக்கின்றன. நாலைந்து நாள் தாடிக்கு அவை வசதி.

சரி, இவ்வளவு மென்மையான முடி எஃகை எப்படி மழுக்குகிறது? முடி பிளேடு எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. தேய்ந்து மழுங்குகிறது என்று சும்மா சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டிப் பார்த்து 2020-இல் ஒரு விடை சொன்னார்கள்: விளிம்பு தேய்வதைவிட, சில்லு சில்லாகப் பெயர்கிறது. முடி நேராக நிற்காமல் சாய்ந்து வளைந்து கொடுக்கும்போது விசை பிளேடின் பக்கவாட்டில் ஏறுகிறது. எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில், முடியின் ஓரம் படும் புள்ளியில், விரிசல் கிளம்புகிறது. பிளேடு முடியைச் சந்திக்கும் கோணத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அந்தக் கோணத்தைக் கையோடு சேர்ந்து ரேசர் தலையின் வளைவும் தீர்மானிக்கிறது. பொதுவாக 30 பாகை என்பார்கள். கைப்பிடியைத் தாழ்த்தி, பிளேடைச் செங்குத்தாக நிறுத்தினால் அது வெட்டாது, சுரண்டும். மழித்த பிறகு வரும் எரிச்சலில் பாதி அந்தச் சுரண்டல்தான் என்பது என் கணிப்பு.

சாய்ந்த தலை ரேசர் என்று ஒரு வகை இருக்கிறது. பார்த்தால் யாரோ கீழே போட்டு வளைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். பிளேடை வேண்டுமென்றே முறுக்கி, விளிம்பு போகும் திசைக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்தியிருப்பார்கள். தக்காளியைக் கத்தியால் அழுத்தினால் நசுங்கும், இழுத்தால் நறுக்கென்று வெட்டுப்படும் அல்லவா? அதே வித்தை. முறுக்குவதால் தகடு இன்னும் விறைப்பாகவும் ஆகிறது.

அப்புறம் அந்த இரண்டாவது ரேசரை விளக்குக்கு நேராகக் கண் மட்டத்தில் தூக்கிப் பார்த்தேன். பிளேடு ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் எட்டிப் பார்த்தது. பிளேடின் துளைக்கும் அதில் நுழையும் முளைக்கும் இடையே கொஞ்சம் ஆட்டம் இருந்திருக்கிறது. பிளேடு 0.1 மி.மீ. நகர்ந்தால் இரு விளிம்புகளுக்கும் வித்தியாசம் 0.2 ஆகிவிடும். கழற்றி, நேராக்கி, இறுக்கினேன். மறுநாள் ரத்தம் வரவில்லை. தாடை ஓரத்து முள் மட்டும் அப்படியே நின்றது. அந்த ரேசரின் மூடி குறுகலானது, பிளேடை நடுவில் மட்டும் பிடிக்கிறது. எவ்வளவு இறுக்கித் திருகினாலும் அந்த நீட்டல் குறையாது.