சதுர அடி அஞ்சு வெள்ளி சரி, அடித்தரைக்கு யார் கொடுப்பது?

"அண்ணே, உங்க விலை ரொம்ப ஜாஸ்தியா இருக்கே. இன்னொருத்தர் சதுர அடி அஞ்சு வெள்ளின்னு சொல்றாரு."

நான் கோலாலம்பூரில் வீடுகளுக்குத் தரைப்பலகை போடுகிறவன். தீபாவளி நெருங்க நெருங்க என் வாட்சப்பில் இந்தச் செய்தி வந்து விழுந்துகொண்டே இருக்கும். அனுப்புகிற ஆள்தான் வேறு, வாசகம் ஒன்றுதான். பதிலுக்கு நான் கேட்பதும் ஒன்றுதான்: அந்த அஞ்சு வெள்ளிக்குள் அடித்தரை வேலை, அதாவது பலகைக்கு அடியில் இருக்கும் தரையைச் சமப்படுத்தித் தயார் செய்யும் வேலை, இருக்கிறதா? பெரும்பாலும் அத்தோடு பேச்சு நின்றுவிடும். சில மாதம் கழித்து ஒரு வீடியோ வரும். யாரோ பலகையைக் காலால் அமுக்குகிறார்கள், அது சத்தம் போடுகிறது, இரண்டு பலகைக்கு நடுவில் இருபது காசு நுழையும் அளவுக்கு இடைவெளி. "கொஞ்சம் வந்து பாக்க முடியுமாண்ணே?"

போய்ப் போய்ப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

கடைசியாகப் போனது செந்தூல் பக்கம் ஒரு பழைய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), வரிசை வீடு, கீழ்த்தளம். வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. தரையில் ஒட்டியிருந்த பழைய பார்கே மரக்கட்டைகளைப் பெயர்த்துவிட்டு எஸ்பிசி பலகை, அதாவது கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை, போட்டிருக்கிறார்கள். "தம்பி, பலகை மட்டமான சரக்கு, ஏமாத்திட்டாங்க" என்றார். பலகையில் ஒரு குறையும் இல்லை, நல்ல சரக்குதான். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நாலைந்தைக் கழற்றிப் பார்த்தேன். கீழே பார்கேயின் கறுப்புப் பசை அப்படியே கிடந்தது. இரண்டு மீட்டர் நேர்க்கட்டையை வைத்தால் நடுவில் 8 மில்லிமீட்டர் பள்ளம். பலகையின் அடியில் ஒட்டியிருந்த ஃபோமில் ஈரம். சுவரின் அடியோரம் அடித்திருக்கும் ஸ்கர்ட்டிங் பட்டைக்குப் பின்னால் பூஞ்சை. ஒன்றோடொன்று மாட்டும் நாக்குகள் பல உடைந்து போயிருந்தன. அந்தப் பலகைகளைத் திரும்பப் போட வழியில்லை.

800 சதுர அடிக்கு அவர் கொடுத்தது 4,000 வெள்ளி. அது போனது போனதுதான். இனி கழற்ற ஒரு கூலி, பசையைச் சுரண்ட ஒரு கூலி, தரையைச் சமப்படுத்த ஒரு செலவு, அப்புறம் மறுபடி பலகை. முதலிலேயே முறையாகச் செய்திருந்தால் ஒன்பதாயிரத்துக்குள் முடிந்திருக்கும். இப்போது மொத்தக் கணக்கு பதின்மூன்றாயிரத்தைத் தாண்டுகிறது.

பலகை போட்ட ஆள் அவரிடம் சொன்னதாம்: "பள்ளம் இருந்தா என்னம்மா, அடியில ஃபோம் இருக்கு, அது சரி பண்ணிக்கும்."

இந்த ஃபோம் கதையை இந்த ஊரில் முதலில் கிளப்பிவிட்டது யாரென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் நாலு வார்த்தை கேட்பேன். எஸ்பிசி பலகைக்கு அடியில் ஒட்டி வரும் ஃபோம் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. 8 மில்லிமீட்டர் பள்ளத்தை ஒரு மில்லிமீட்டர் ஃபோம் எப்படி நிரப்பும்? அது இருப்பதே காலடிச் சத்தத்தைக் குறைக்கவும், மணல் பருக்கை மாதிரியான சின்னச் சின்னச் சொரசொரப்பை வாங்கிக்கொள்ளவும்தான். "அப்படின்னா தடிப்பான ஃபோம் தனியா வாங்கிப் போட்டுடலாமே" என்று உடனே ஒரு யோசனை வரும். அது இன்னும் மோசம். கால் ஆடும் கட்டிலில் இரண்டு மெத்தை போட்டால் ஆட்டம் நின்றுவிடுமா? ஃபோம் மெத்தென்று இருக்க இருக்க, மிதிக்கும்போது பலகை அதிகமாகக் கீழே போகும். அந்த வளைவு முழுவதையும் தாங்குவது விளிம்பில் இருக்கும் மெல்லிய நாக்கு. சாப்பாட்டு மேசைப் பக்கம் ஒரு குடும்பம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடக்கும்? ஒவ்வொரு தடவையும் நாக்கு வளைகிறது, ஒரு நாள் முறிகிறது. முதலில் சத்தம், பிறகு இடைவெளி, பிறகு பலகையே நகரும். ஏற்கெனவே ஃபோம் ஒட்டி வரும் பலகைக்கு அடியில் இன்னொரு ஃபோம் போட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பல உற்பத்தியாளர்கள் பெட்டிக்குள் வரும் தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அந்தத் தாளைத்தான் முதலில் குப்பையில் போடுகிறோம்.

அதே தாளில் இன்னொரு வரியும் இருக்கும். இரண்டு மீட்டர் நீளத்துக்குள் மேடுபள்ளம் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பிராண்டுக்குப் பிராண்டு எண் கொஞ்சம் மாறும், ஆனால் ஏறக்குறைய இதுதான். தரை முழுவதுமே ஒரு பக்கமாக லேசாகச் சரிந்திருந்தால் பலகைக்குக் கவலை இல்லை. அலை அலையாக இருந்தால்தான் தாங்காது.

சரி, காசுக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் என் கண்ணில் படும் கொட்டேஷன்களில் எஸ்பிசி, போடும் கூலியோடு, சதுர அடிக்கு 5 முதல் 8 வெள்ளி. ஊற்றினால் தானே பரவித் தரையைச் சமப்படுத்தும் செல்ஃப் லெவலிங் கலவை வேலைக்கு, கனத்தைப் பொறுத்து, 3 முதல் 5 வெள்ளி. அதாவது கண்ணுக்குத் தெரியாத வேலை, கண்ணுக்குத் தெரியும் வேலையின் செலவில் பாதிக்கு மேல் வந்து நிற்கிறது. மக்கள் அதிர்ச்சியடைவது இங்கேதான். "வெறும் சிமெண்டுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறார்கள். அது வெறும் சிமெண்டு இல்லை. பாலிமர் கலந்த தூள், 25 கிலோ மூட்டையாக வரும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்ற சுமார் 1.7 கிலோ தேவை. 800 சதுர அடி என்றால் 74 சதுர மீட்டர் சொச்சம். சராசரி 3 மில்லிமீட்டர் ஊற்றினாலே ஏறக்குறைய 380 கிலோ, அதாவது 15, 16 மூட்டை. 6 மில்லிமீட்டர் என்றால் முப்பதைத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கை நான் இவ்வளவு விலாவாரியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. "லெவலிங் இலவசம்" என்று சொல்லி நாலே நாலு மூட்டையோடு வந்து இறங்குகிறவர்கள் உண்டு. நாலு மூட்டையை 74 சதுர மீட்டரில் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அங்கங்கே பூசிவிட்டுப் போய்விடுவார்கள், மறுநாள் பலகை மூடிவிடும். வேலை நடக்கும் நாளில் வீட்டில் இருங்கள். காலி மூட்டைகளை எண்ணுங்கள். வெட்கப்பட வேண்டாம், நேர்மையான ஆள் அதற்குக் கோபப்பட மாட்டார்.

வீடு முழுக்க ஊற்றியே ஆக வேண்டும் என்றும் இல்லை. மேடாக இருக்கும் இடத்தைக் கிரைண்டரால் தேய்த்து, பள்ளத்தை மட்டும் நிரப்பினால் பாதிக்கு மேல் மிச்சமாகும் வீடுகள் எத்தனையோ. அதைச் சொல்ல ஆள் முதலில் நேர்க்கட்டையோடு வந்து அளந்திருக்க வேண்டும். போட்டோவைப் பார்த்து விலை சொல்கிறவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. தேய்க்கும்போது தூசி உறிஞ்சும் இயந்திரம் மாட்டச் சொல்லுங்கள். கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். தேய்க்கிற பையனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஊற்றுவதற்கு முன், கலவை தரையைப் பிடித்துக்கொள்ள பிரைமர் அடிக்க வேண்டும். புதுக் கொண்டோக்களில்கூட தரைப்பூச்சின் மேல்புறம் மாவு மாதிரி உதிரும். வீட்டுச் சாவியால் கீறிப் பாருங்கள், தூள் வந்தால் அதன்மேல் எதை ஊற்றினாலும் அப்பளமாகப் பெயர்ந்து வரும். செந்தூல் வீட்டில் பார்த்த கறுப்புப் பசைக்கும் இதே கதைதான். அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே ஊற்றியது பிடிக்காது.

அடுத்தது ஈரம். கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பரில் மழை எப்படிக் கொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில்தான் எல்லோருக்கும் புதுத் தரை வேண்டும். புதிதாகப் போட்ட சிமெண்டுப் பூச்சு நல்ல காற்றோட்டத்தில் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கனம் காயும் என்பது எங்கள் தொழிலில் சொல்லும் கணக்கு. 40 மில்லிமீட்டர் பூச்சு என்றால் 40 நாள். நம் ஊர்க் காற்றில் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும். "போன வாரம்தான் பூசினோம், இந்த வாரம் பலகை போட்டுடுங்க" என்றால் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன். நீங்கள் வேறு ஆளைக் கூப்பிடுவீர்கள் என்று தெரிந்தும்.

செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பிளாஸ்டிக் தாளை வெறும் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். 16 மணி நேரமாவது விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ, ஈரம் மேலே ஏறுகிறது. ஒன்றும் தெரியவில்லை என்றால் முழு நிம்மதி என்று அர்த்தமில்லை, கருவி வைத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மரப்பலகை போடப்போகிறவர்கள் கருவிச் சோதனை இல்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள். பழைய தரைவீடுகளில் மண்ணிலிருந்தே ஈரம் ஏறும். லெவலிங் தூள் அதைத் தடுக்காது. அதற்கு எபோக்சி பூச்சு தனியாக அடிக்க வேண்டும், அது தனிச் செலவு. சில வீடுகளில் குற்றவாளி பக்கத்துக் குளியலறை. அங்கே கசிவை அடைக்காமல் படுக்கையறைத் தரையை மாற்றுவது காசை நீரில் போடுவது.

"எஸ்பிசி வாட்டர்ப்ரூஃப்தானே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகை ஊறாது, உண்மை. ஆனால் அடியில் போய்ச் சேர்ந்த தண்ணீர் எங்கே போகும்? அங்கேயே கிடந்து நாறும். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறேன் என்று வாளியைக் கவிழ்க்காதீர்கள் அம்மா, பிழிந்த துணியால் துடைத்தாலே போதும்.

பழைய டைல்ஸ் மேலேயே போடலாமா என்று கேட்பார்கள். டைல்ஸ் உறுதியாக ஒட்டியிருந்து, சமமாகவும் இருந்தால் தாராளமாகப் போடலாம். நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், பொள்ளென்று கேட்பவற்றை மட்டும் பெயர்த்து நிரப்பினால் ஆயிற்று. முழுவதும் ஹேக்கிங் செய்தால்தான், அதாவது உடைத்துப் பெயர்த்தால்தான், வேலை சுத்தம் என்று யாராவது சொன்னால் இரண்டாவது ஆளையும் கேளுங்கள். 800 சதுர அடி டைல்ஸும் அதன் அடிப்பூச்சும் பெயர்த்தால் ஆறேழு டன் இடிபாடு வரும். கொண்டோவில் அதைக் கோணியில் கட்டி லிஃப்டில் இறக்கி, லோரியில் ஏற்றி, அனுமதி உள்ள இடத்தில் கொட்ட வேண்டும். மெனேஜ்மெண்டுக்கு டெபாசிட், வேலை நேரக் கட்டுப்பாடு எல்லாம் வேறு. மலிவாக அள்ளிக்கொண்டு போகிறேன் என்பவர் அதை எந்தச் சாலையோரத்தில் கொட்டுகிறார் என்று கேட்டீர்களா?

மேலே போட்டால் உயரம் கூடும். கதவின் அடிப்பாகத்தைச் சீவ வேண்டி வரும், கிரில் இடிக்கும், சமையலறையில் குளிர்பெட்டி தன் இடத்துக்குள் நுழையாது. இதெல்லாம் முன்கூட்டியே அளக்கிற விஷயம். அடுக்குமாடி வீட்டின் வாசல் கதவு பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவு. அதைச் சீவச் சொல்லி என்னிடம் வராதீர்கள், யாரிடமும் போகாதீர்கள்.

புது வீடு வாங்கியவர்கள் இன்னும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மேம்பாட்டாளர் வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதம் குறைபாடுகளைச் சரிசெய்து தர வேண்டிய பொறுப்பு அவருடையது. தரை அலையாக இருந்தால், டைல்ஸ் பொள்ளென்று கேட்டால், படம் எடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். மேலே பலகை போட்டு மூடிய பிறகு அந்தக் குறையை எப்படிக் காட்டுவீர்கள்? அவர் செலவில் நடக்க வேண்டிய வேலைக்கு என்னிடம் வந்து காசு கொடுக்கிறீர்கள். நான் வேண்டாம் என்றால் ஆச்சரியமாகப் பார்க்கிறீர்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது ஒரே வரியில் சதுர அடி விலையைப் போட்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். பழையதைக் கழற்றுவது, இடிபாடு அகற்றுவது, தேய்ப்பது, பிரைமர், லெவலிங் எத்தனை மில்லிமீட்டருக்கு, எத்தனை மூட்டை, கூடுதல் மூட்டை ஒன்றுக்கு எவ்வளவு, கதவு சீவுவது என்று தனித்தனியாகக் கேளுங்கள். கடைசியில் பொடி எழுத்தில் "தரையின் நிலையைப் பொறுத்து விலை மாறும்" என்று ஒரு வரி இருந்தால், தரையை இப்போதே வந்து பாருங்கள் என்று சொல்லுங்கள். பாதி வேலையில் நின்றுகொண்டு இன்னும் மூவாயிரம் கொடு என்று கேட்பது அந்த வரியை வைத்துத்தான். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம். தரை சமமானதும் பலகை ஏறுவதற்கு முன் நேர்க்கட்டையை வைத்து உங்கள் கண்ணால் பார்த்து, படம் எடுத்து, அப்புறம் அடுத்த தவணை.

அத்தனையும் மீறிக் கெட்டுப்போனால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. செந்தூல் அம்மாவையும் அங்கேதான் போகச் சொன்னேன். கையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஓகே பாஸ், எல்லாம் சேர்த்து 4,000" என்ற ஒரு வாட்சப் செய்தியைக் காட்டினார். அந்த "எல்லாம்" என்பதற்குள் அடித்தரையும் இருந்ததென்று இனி அவர்தான் நிரூபிக்க வேண்டும்.