புறக்கணிப்பின் நட்டம் யாருடைய கொப்பியில்?

போன மாதம் கொக்குவிலில் இருந்து ஒரு விநியோகஸ்தர் கணக்குக் கொப்பிகளோடு வந்தார். கொப்பியைத் திறக்க முதலே போனை நீட்டினார். "சேர், இதை ஒருக்காப் பாருங்கோ."

வெளிநாட்டுத் தலைவர் ஒருவரின் படம், முகத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு, கீழே வாங்கக்கூடாத இருபது சாமான்களின் பெயர். அவர் விநியோகிக்கும் சோப்பும் பிஸ்கற்றும் அதில் இருந்தன. நாலு கடைக்காரர் ஓடரை நிப்பாட்டிவிட்டார்கள். பக்கற்றைத் திருப்பிப் பார்த்தோம். பிஸ்கற் இலங்கையிலேயே செய்தது, முதலாளியும் இலங்கையர்.

கணக்காளனுக்கு முதலில் வரும் கேள்வி, நட்டம் எங்கே பதியப்படுகிறது என்பதுதான். இவர் வங்கி உத்தரவாதம் வைத்துச் சாமான் எடுக்கிறார். விற்காத பெட்டிகள் இவருடைய ஸ்ரோரில் கிடக்கும், மேலதிகப்பற்றின் வட்டியும் இவருக்குத்தான். கொம்பனிக்கு அடுத்த ஓடர் குறையும், அவ்வளவுதான். தலைவருக்குச் சேதியே போகாது.

பெரிய இடத்திலும் கணக்கு இப்படித்தான் சிக்கலாகிறது. 2022 பெப்ரவரியில் புட்டினின் படை உக்ரேனுக்குள் இறங்கியபின், 1990 இல் மொஸ்கோவில் முதற்கடை திறந்த மக்டொனால்ட்ஸ் ரஷ்யாவை விட்டு வெளியேறியது. ஜூனிலேயே அதே கடைகள் வேறு பெயரில் திறந்தன. பிரெஞ்சுக் கார் கொம்பனி ரெனோ தன் ரஷ்யப் பங்குகளை ஒரு ரூபிளுக்குக் கொடுத்தது. வெளியேறுபவர் பாதி விலைக்குமேல் விற்க முடியாது என்று அரசு விதி போட்டது. திறைசேரிக்குப் 'பங்களிப்பு' வேறு, 2024 இல் அது 35 வீதம். பிரெஞ்சுப் பால்மாக் கொம்பனியான டனோனின் ரஷ்யக் கிளையை 2023 இல் அரசே கையில் எடுத்துக்கொண்டது.

வலித்தது உதிரிப்பாகம் நின்ற இடத்தில். 2022 இல் ரஷ்யாவின் லாடா கார்கள் காற்றுப்பை இல்லாமல் தொழிற்சாலையை விட்டு வந்தன. ஆனாலும் வந்தன. யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டி, பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த எங்களுக்கு அது புதினமா?

பலித்த புறக்கணிப்பும் உண்டு. பிரித்தானிய மாணவர்கள் வருடக்கணக்காக பார்க்லேஸ் வங்கியைத் தவிர்த்தார்கள், 1986 இல் அது நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவை விட்டுப் போனது. ஒரே வங்கி, ஒரே கோரிக்கை. இருபது பெயர்ப் பட்டியல் அல்ல.

ஆட்களை விலக்குவதிலும் இந்தக் கவனம் வேணும். புட்டினைப் பகிரங்கமாக ஆதரித்த ரஷ்ய இசை நடத்துநர் கெர்கியேவை 2022 மார்ச்சில் மியூனிக் இசைக்குழு நீக்கியதில் எனக்கு மறுப்பில்லை. போரிலிருந்து விலகி நிற்கக் கேட்டார்கள், அவர் பதில் சொல்லவில்லை. அதே மார்ச்சில் மிலானில் ஒரு பல்கலைக்கழகம் ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி பற்றிய வகுப்பைத் தள்ளிவைத்து, கண்டனம் வந்ததும் பின்வாங்கியது. அவர் 1881 இல் செத்துப்போனவர், சார் மன்னனின் ஆட்சியில் சைபீரியச் சிறை இருந்தவர்!

"அப்ப நான் இந்தச் சோப்பை விடவோ, வைச்சிருக்கவோ?" என்று கேட்டார்.

"அது உங்கட மனச்சாட்சி. விட்டால், ஏன் விட்டனீங்கள் எண்டு கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. எழுதாட்டி அவைக்கு அது வியாபாரம் மந்தமான ஒரு மாதம், வேறொண்டுமில்லை."

கடிதத்தைப் பிறகு பார்ப்பம் என்றார். படியிறங்கும்போதே திருநெல்வேலிக் கடைக்காரருக்குப் போன் எடுத்து, பிஸ்கற் பக்கற்றின் பின்பக்கத்தை வாசித்துக் காட்டத் தொடங்கியிருந்தார்.