கரிசலில் மணலைக் கொட்டாதீர்கள், தயவுசெய்து

இந்த மாதத்தில் இது நான்காவது தோட்டம். கோவில்பட்டிப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடம், அருமையான கரிசல். "மண்ணு ரொம்ப இறுக்கமா இருந்துச்சு சார், அரை யூனிட் எம்-சாண்ட் போட்டுக் கொத்தி விட்டுட்டேன்" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். மண்வெட்டியைப் போட்டேன், டங்கென்றது. கத்தரி நாற்று மூன்று வாரமாக வைத்த உயரத்திலேயே நிற்கிறது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் நட்ட குழியைத் தாண்டவே இல்லை, உள்ளுக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது.

கரிசலும் களிமண்தான். களிமண்ணோடு மணலைச் சேர்த்தால் பொலபொலப்பாகிவிடும் என்று யார்தான் கிளப்பி விட்டார்களோ! களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. கொஞ்சமாக மணல் போட்டால் பருக்கைகளுக்கு நடுவே உள்ள இடுக்கையெல்லாம் களி அடைத்துக்கொண்டு, காய்ந்ததும் கல்லாக நிற்கும். செங்கல் அறுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கல் வெடிக்காமல் இருக்கத்தான் களியில் மணல் சேர்ப்பார்கள். மணல் உண்மையிலேயே வேலை செய்ய வேண்டுமென்றால் மண்ணில் பாதிக்கு மேல் அதுவாகவே இருக்க வேண்டும். ஒரு சென்ட் 435 சதுர அடி, அரை அடி ஆழத்துக்குக் கணக்குப் போட்டால் 218 கன அடி மண், அதற்குச் சரிக்குச் சரி மணல் என்றால் இரண்டு யூனிட்டுக்கு மேல் போகும் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). அவர் போட்ட அரை யூனிட்டைப் பரப்பினால் ஒன்றரை அங்குல உயரம்கூட வராது. இரண்டு யூனிட் வாங்கும் காசுக்குச் சந்தையில் எத்தனை மாதம் காய் வாங்கலாம் என்று நீங்களே பாருங்கள்.

ஜிப்சம்? அது களர் மண்ணுக்கு மருந்து. மண் பரிசோதனையில் சோடியம் அதிகம் என்று வந்தால் அவர்கள் சொல்லும் அளவைப் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். கரிசலில் சுண்ணாம்பு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் வேறு அள்ளிப் போடாதீர்கள்.

போட வேண்டியது மக்கிய தொழுவுரம். முதல் தடவை இரண்டு அங்குலம் பரப்புங்கள், ஒரு சென்ட்டுக்கு முக்கால் யூனிட் பிடிக்கும். மேல் அரை அடியோடு கலந்தால் போதும், ஆழமாகத் தோண்டிப் புரட்ட வேண்டியதில்லை. மக்கியது என்றால் சாண வாடை போயிருக்க வேண்டும், கையில் எடுத்தால் உதிர வேண்டும். தென்னை நார்க்கழிவைப் பச்சையாகக் கொட்டிவிட்டு "செடி மஞ்சளாகுது" என்று என்னைக் கூப்பிடாதீர்கள், அதையும் மக்க வைத்துத்தான் போட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பட்டத்துக்கும் (விதைப்புப் பருவத்துக்கும்) ஓர் அங்குலமாவது சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை இது.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன்: ஈரமாக இருக்கும்போது பாத்திக்குள் இறங்காதீர்கள், கொத்தவும் கொத்தாதீர்கள். ஒரு பிடி மண்ணை உருட்டிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் பதம், பள்ளம் விழுந்து ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். பாத்தி நான்கடி அகலத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமிருந்தும் கை எட்டினால் மிதிக்க வேண்டிய அவசியமே வராது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கும் இடமென்றால் முக்கால் அடி உயர்த்தி மேட்டுப்பாத்தியாகவே போட்டுவிடுங்கள். கோடையில் வெறும் தரையாக விட்டால் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும், காய்ந்த இலைதழையை மூடாக்காகப் போடுங்கள்.

கோவில்பட்டிக்காரர் "போட்ட மணலை அள்ளிடவா சார்?" என்று கேட்டார். அள்ள வேண்டாம், பசுந்தாள் உரச்செடியான தக்கைப்பூண்டு 200 கிராம் விதைத்து, பூவெடுக்கும் சமயத்தில், 45 நாள் வாக்கில், மண்ணுக்குள் மடக்கி விடுங்கள், அதன் மேல் தொழுவுரம் போட்டுப் பாத்தி எடுத்துக்கொள்ளலாம் என்றேன். கத்தரி அடுத்த பட்டத்துக்குத்தான் என்றதும் முகம் வாடிவிட்டது. வாசலில் இன்னும் நாலைந்து சட்டி மணல் மிச்சம் கிடந்தது. படிக்கட்டு ஓரத்தில் காரை பெயர்ந்திருந்தது, அதற்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.