தன்னமைவு

செல்ஃப் அசெம்பிளி: நானோ கம்பிகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கம்பிகளைப் பற்றிப் படிக்கப் போனால் உடனே எதிர்ப்படும் சொல். யாரும் எடுத்து அடுக்காமல், மூலக்கூறுகள் தம் வடிவத்தாலும் மின்னூட்டத்தாலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒழுங்கான உருவமாகி நிற்பது என்று பொருள்.

'அசெம்பிள்' லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்குள் இருக்கும் 'சிமுல்' என்றால் 'ஒன்றாக'. சட்டசபை கூடுவதும் அசெம்பிளிதான், கார் பாகங்களைக் கூட்டிப் பூட்டுவதும் அசெம்பிளிதான். தமிழில் அப்படி மழுப்ப முடியாது. தன்வினையா, பிறவினையா என்று முடிவு செய்தாக வேண்டும். 'சுய கட்டமைப்பு' என்று எழுதுபவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். ஒருவர் அமைத்தால் அமைப்பு, தானே அமைந்தால் அமைவு. ஆகவே 'தன்னமைவு'.

இது வெறும் இலக்கண நுணுக்கம் இல்லை. 1998இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில், டெக்னியான் நிறுவனத்தில் எரெஸ் பிரவுன், உரி சிவன் குழுவினர் செய்த கம்பியைப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு தங்க மின்முனைகள். ஒவ்வொன்றிலும் 12 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டுகள், ஒன்றில் ஒரு வரிசை, மற்றதில் வேறு வரிசை. அவற்றின் மேல், பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸின் நீண்ட டிஎன்ஏவை விட்டார்கள். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் அடினைன் தைமினோடும் குவானைன் சைட்டோசினோடும் மட்டுமே சேருமல்லவா? டிஎன்ஏவின் நுனிகள் தத்தம் ஜோடியைக் கண்டு ஒட்டிக்கொள்ள, பாலம் விழுந்துவிட்டது. இதுவரை தன்னமைவு.

ஆனால் அந்தப் பாலத்தில் மின்சாரம் ஓடவில்லை. டிஎன்ஏவின் முதுகெலும்பில் உள்ள பாஸ்பேட்டுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. நேர்மின்னூட்டம் கொண்ட வெள்ளி அயனிகள் அங்கே போய் ஒட்டும். அப்புறம் புகைப்படம் கழுவப் பயன்பட்ட ஹைட்ரோகுவினோனை விட்டு அவற்றை உலோக வெள்ளியாக்கினார்கள். 2 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) தடிமனே உள்ள டிஎன்ஏ, சுமார் 100 நானோமீட்டர் தடிமனும் 12 மைக்ரோமீட்டர் நீளமும் உள்ள வெள்ளிக் கம்பியானது. பாதை தன்வினை, பூச்சு பிறவினை. 'தானே உருவாகும் கம்பி' என்று செய்தியில் படித்தால் பாதி உண்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

'நானோ'வுக்கு வேர் கிரேக்கம். 'குள்ளன்' என்று பொருள். புறநானூற்றின் 28ஆம் பாடலில் 'கூனும் குறளும்' என்று வரும் குறளும் அதுதான். அதற்காகக் 'குறள் கம்பி' என்றால் எவரும் திருக்குறளைத்தான் நினைப்பார்கள். 'நுண்' என்பதோ மைக்ரோவுக்குப் போய்விட்டது. பாடநூலில் 'மீநுண் கம்பி' இருக்கட்டும். பேச்சில் 'நானோ கம்பி' என்றே சொல்லலாம்.