தேர்வு எழுத ஆள் தேடுகிறவர்களுக்கு

‘பார்வையற்ற கல்லூரி மாணவருக்குத் தேர்வு எழுத உடனடியாக ஆள் தேவை, அதிகம் பகிரவும்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருஷாவருஷம் சுற்றும். உங்களுக்கும் வந்திருக்கும். அதில் தேதி இருக்கும், வருடம் இருக்காது. கீழே மாணவரின் கைபேசி எண் இருக்கும். அவர் பட்டம் வாங்கி வேலைக்குப் போன பிறகும் ‘இன்னும் ஆள் வேணுமா தம்பி?’ என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் பதிலைச் சொல்லச் சொல்லத் தேர்வுத்தாளில் எழுதும் ஆட்களைச் சேர்த்துக் கொடுப்பது எங்கள் சிறிய அமைப்பின் வேலை. அதை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. தன்னார்வலர்கள் கிடைப்பதில்லை என்று புலம்பும் மற்ற அமைப்பினரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: என்ன வேலை, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? இதற்குப் பதில் இல்லாமல் ‘சேவை மனப்பான்மை உள்ளவர்கள் வரலாம்’ என்று அழைத்தால் மனப்பான்மை மட்டும்தான் வரும்.

எங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் அரசுத் தேர்வுத் துறையே ஆசிரியர்களை நியமித்துவிடுகிறது. சிக்கல் கல்லூரியில் ஆரம்பிக்கிறது. பல கல்லூரிகளில் எழுதுகிறவரை மாணவரே கூட்டிவர வேண்டும். தேர்வு காலை பத்து மணிக்கு, அதுவும் வேலை நாளில். மத்திய அரசின் 2013 வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும். அப்படியானால் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகிறது. ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரண்டு மணிக்குத்தான் வெளியே வர முடியும். ஒரு பருவத்துக்கு ஐந்தாறு தாள்.

இதற்கு மேல் ஒரு தகுதி விதி. 2018-இல் வந்த மத்திய வழிகாட்டுதல், சொந்தமாக ஆளைக் கூட்டிவந்தால் அவருடைய படிப்பு தேர்வு எழுதுபவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது. கல்லூரிகளும் பெரும்பாலும் இந்த வழியில்தான் கேட்கின்றன. விதி தேர்வுக்குத் தேர்வு வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும். அதனால் ஒவ்வொரு முறையும் கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஆனால் அடிப்படை இதுதான்: பி.ஏ. மாணவருக்கு எழுத எம்.ஏ. படித்தவர் ஆர்வத்தோடு வந்து நின்றால் பயனில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். தன்னார்வலர் வேண்டும் என்றதும் நாம் போய் நிற்பது ஐ.டி. நிறுவன வாசலில். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் பட்டதாரிகள், சனி ஞாயிறுதான் ஓய்வு. பலர் பள்ளியில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்துப் படித்தவர்கள். தமிழில் பேசுவார்கள், நான்கு மணி நேரம் தமிழில் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். தமிழ் இலக்கிய மாணவர் தொல்காப்பிய நூற்பாவைச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ‘மூணு சுழி ண’, ‘வல்லின ற’ என்று ஒவ்வொரு சொல்லுக்கும் மாணவர் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தால் கூடுதல் நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

அப்படியானால் வேலை நாள் காலையில் ஓய்வாக இருப்பவர், பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், தமிழ் தெளிவாக எழுதுபவர் யார்? இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் தெருவிலேயே இருந்தது. கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்திய பெண்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து, அவர்கள் திரும்புவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் வழிச்செலவும் பெரும்பாலும் இல்லை. (ஆட்டோவில் வர வேண்டியிருந்தால் அந்தக் காசை நாங்களே கொடுத்துவிடுகிறோம். சேவைக்கு வருகிறவர் கைக்காசையும் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை.)

இவர்களைத் தேடி மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்குப் போவோம். மேடையில் பேச்செல்லாம் கிடையாது. கூட்டம் முடிந்ததும் ‘உங்க குழுவில் தீர்மான நோட்டு எழுதுறது யார்?’ என்று கேட்டால் போதும். எல்லாரும் ஒருவரைக் கை காட்டுவார்கள். வாரக் கூட்டத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்டு எழுதிப் பழகியவர் அவர். ஒருமுறை அப்படிக் கை காட்டப்பட்ட அக்கா, ‘அய்யோ, நான் வெறும் ப்ளஸ் டூதாங்க’ என்று பின்வாங்கினார். ‘எங்களுக்கு ப்ளஸ் டூதான் வேணும்க்கா, டிகிரி முடிச்சிருந்தா எடுத்துக்க மாட்டாங்க’ என்றதும் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அங்கேயே அவருடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தியைச் சொல்லி எழுத வைத்தேன். வேகமாகத்தான் எழுதினார். மார்க் ஷீட் எடுத்து வைக்கிறேன், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

வீட்டில் கேட்பது என்பதைச் சாக்கு என்று நினைக்கக் கூடாது. எந்தக் கல்லூரி, எத்தனை மணிக்குத் திரும்புவார், யார் கூட இருப்பார் என்று கணவரிடமோ மாமியாரிடமோ நாங்களே பேசிவிடுவோம். கல்லூரியிலிருந்து வாங்கிய கடிதத்தின் நகலைக் காட்டினால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஏப்ரல் தேர்வுக்கு இன்னொரு வகை ஆட்களும் உண்டு. மார்ச்சில் ப்ளஸ் டூ தேர்வு முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகள். எழுதிப் பழகிய கை, வேகம் குறையாது. பலருக்கு 18 வயது நிரம்பியிருக்காது என்பதால் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வாங்குவது அவசியம். மதிப்பெண் பட்டியல் வராத நிலையில் எந்தச் சான்றிதழை ஏற்பார்கள் என்றும் முன்பே கேட்டுவிட வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவைக் கணக்கு இருப்பதால் அங்கேயும் ஆள் கிடைக்கும். ஆனால் அவர்களுக்கும் அதே சமயத்தில் பருவத்தேர்வு வரும். தேர்வைத் தானே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிக்கும் தேர்வுத் தேதி பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஆளைப் பார்த்ததும் சேர்த்துவிடுவதில்லை. ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: ‘மாணவர் பதிலைத் தப்பாச் சொல்றார், சரியான பதில் உங்களுக்குத் தெரியும். என்ன செய்வீங்க?’ நல்ல மனசுக்காரர்கள்தான் இதில் தடுக்கி விழுவார்கள். ‘பாவம், திருத்தி எழுதிடுவேன்’ என்பார்கள். அறைக் கண்காணிப்பாளர் பார்த்தால் அது முறைகேடு, மாணவரின் தாளே ரத்தாகலாம். பார்க்காவிட்டாலும், அது அவர் எழுதிய தேர்வு ஆகாது. சொன்னதை அப்படியே எழுதுவது, கேட்டால் மட்டும் திரும்பப் படித்துக் காட்டுவது, வினாத்தாளை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் வாசிப்பது: இவ்வளவுதான் வேலை. விளக்கிச் சொன்ன பிறகும் திருத்துவேன் என்பவருக்கு வேறு பணி கொடுப்போம்.

அந்த வேறு பணிதான் பட்டதாரிகளுக்கும் இருக்கிறது. பாடப் புத்தகத்தை வாசித்து ஒலிப்பதிவு செய்வது, ஸ்கேன் செய்த பக்கங்களில் எழுத்துப் பிழை திருத்துவது, முதுநிலைத் தேர்வுகளுக்கு எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்குக்கூட வீட்டில் உட்கார்ந்து வாசிக்கலாம். ஆர்வமாக வந்தவரை ‘விதி இடம் கொடுக்காது’ என்று திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வரமாட்டார்.

கேட்கும் முறை பற்றி ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போட்டால் 200 பேரும் மற்ற 199 பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார்கள். தனித்தனியாக அழைத்து, ‘புதன்கிழமை காலை ஒன்பதரை முதல் ரெண்டு வரை, இந்தக் கல்லூரி, வரலாறு, தமிழ் வழி. வர முடியுமா?’ என்று கேட்பேன். முடியாது என்றால் முடியாது என்று சொல்லவும் அதில் இடம் இருக்கிறது. ‘பார்க்கலாம்’ என்று சொன்னால் அதை நான் முடியாது என்றே எடுத்துக்கொள்கிறேன். சரி என்றவரை இரண்டு நாள் முன்பே மாணவரோடு உட்கார வைத்து ஒரு பழைய வினாத்தாளை எழுதிப் பார்க்கச் சொல்வோம். அன்றைக்கே ஒரு மாற்று ஆளையும் சொல்லி வைத்துவிட வேண்டும், குழந்தைக்குக் காய்ச்சல் என்று காலை ஏழு மணிக்கு அழைப்பு வரத்தான் செய்யும்.

தேர்வு முடிவு வந்ததும் எழுதியவருக்கு மாணவரே போன் செய்து மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அடுத்த பருவத்துக்கு அவர்களிடமே ‘உங்களை மாதிரி இன்னொருத்தரைச் சொல்லுங்க’ என்று கேட்கிறோம். இப்போது எங்கள் பட்டியலில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் அப்படி வந்தவர்கள்தான். நவம்பர் தேர்வுக்கு ஆகஸ்டிலேயே பட்டியலைப் புதுப்பிக்கத் தொடங்கிவிடுவோம்: வீடு மாறியவர்கள், வேலைக்குப் போனவர்கள், தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து பட்டம் முடித்துத் தகுதி ‘இழந்தவர்கள்’ என்று ஒவ்வொரு பெயராக.