ரத்தம் வரும் இடத்தில்தான் துலக்க வேண்டும்

திண்டுக்கல்லிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்: “பல் துலக்கும்போது கீழ்வரிசை ஈறில் ரத்தம் கசிகிறது. அதனால் அந்த இடத்தைத் தொடாமல் மற்ற இடங்களை மட்டும் துலக்கி வருகிறேன். ஆனாலும் ரத்தம் முன்பைவிட அதிகமாகத்தான் வருகிறது. மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்றால், செய்தால் நல்ல பல்லும் ஆடிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?”

முழங்காலில் சிராய்த்துக்கொண்டால் ஆறும்வரை கை வைக்காதே என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அந்த நியாயத்தை ஈறுக்கும் பொருத்திப் பார்த்திருக்கிறார் ஆசிரியை. ஆனால் ஈறில் வரும் ரத்தம், பெரும்பாலும், பிரஷ் கிழித்து வருவதல்ல. பிரஷ் போகாததால் வருவது.

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது 1965இல் வெளியான ஒரு பரிசோதனை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரப் பல் மருத்துவக் கல்லூரியில், நார்வேக்காரரான ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும் ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கல்லூரி மாணவர்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் 12 பேருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. பிறகு மறுபடியும் துலக்கச் சொன்னார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் 12 பேருக்கும் ஈறு பழையபடி ஆனது. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. பல்லின் மேல் படியும் படலத்தைத் துடைத்தார்கள், அவ்வளவுதான். இத்தனை எளிமையான, இத்தனை தெளிவான பரிசோதனைகள் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

பல்லில் அப்படி என்ன விசேஷம்? நம் உடல் தோலாலும் சவ்வாலும் மூடப்பட்ட ஒரு பை. கடினமான ஒரு பொருள் அந்தப் பையைத் துளைத்துக்கொண்டு உள்ளிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வாயில் மட்டும்தான். பல்லின் வேர் எலும்புக்குள் இருக்கிறது. தலை, கோடிக்கணக்கான கிருமிகள் வாழும் எச்சிலில் நனைந்துகொண்டிருக்கிறது. மொட்டை மாடித் தளத்தைத் துளைத்துக் குழாய் இறங்கும் இடத்தில்தான் முதலில் மழைநீர் ஒழுகும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். அங்கே சிமெண்ட் வைத்துப் பூசுகிறோம். பல்லைச் சுற்றி உடல் பூசியிருப்பது உயிருள்ள செல்களாலான ஒரு மெல்லிய பட்டை. இந்தச் செல்கள் வழவழப்பான எனாமலை நேரடியாகக் கவ்விப் பிடித்திருக்கின்றன. சில நாட்களுக்கு ஒருமுறை பழையவை உதிர, புதியவை அந்தப் பிடியை வாங்கிக்கொள்கின்றன. பிடி மட்டும் விடுவதில்லை.

பட்டையின் செல்கள் நெருக்கமாக அடுக்கப்படாமல், கொஞ்சம் இடைவெளி விட்டே இருக்கின்றன. அது குறையல்ல, வழி. அந்த இடைவெளிகளின் ஊடாக நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து நெளிந்து நெளிந்து வெளியே வருகின்றன. ஆரோக்கியமான வாயிலேயே நிமிடத்துக்குச் சுமார் 30,000 வெள்ளணுக்கள் இப்படி வாய்க்குள் வந்து சேர்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நீங்கள் இந்தப் பத்தியை வாசித்து முடிப்பதற்குள் பல்லாயிரம் வந்திருக்கும்.

படலத்தைத் துடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது பலருக்கும் ஓரளவு தெரிந்த கதை. படலம் தடிக்கிறது, எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கிக் கல்லாகிறது, வெந்நீர்ப் பானையின் உள்பக்கம் உப்பு படிவது போலத்தான். காரை எனப்படும் அந்தக் கல்லின் சொரசொரப்பின் மேல் புதிய படலம் இன்னும் வசதியாக அமர்ந்துகொள்கிறது. கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் காரை அதிகம் சேர்வதற்குக் காரணம், எச்சில் சுரப்பிகளின் வாய் அங்கே திறப்பதுதான்.

என்னை ஆண்டுக்கணக்கில் வியக்க வைத்திருப்பது இதற்கு அடுத்த கட்டம். ஈறு வீங்கிப் பல்லிலிருந்து விலகும்போது இடையில் ஒரு பை உண்டாகிறது. காற்று நுழையாத அந்தப் பள்ளத்தில், காற்று வேண்டாத கிருமிகள் குடியேறுகின்றன. அவற்றில் பேர்போனது போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். அது எங்கே கிடைக்கும்? கசியும் ரத்தத்தில். அழற்சி வந்த ஈறிலிருந்து ஊறும் திரவத்தில் உடைந்த புரதத் துணுக்குகளும் ஏராளம். அதாவது, கிருமியை எதிர்க்க உடல் அனுப்பும் தளவாடமே கிருமிக்குச் சாப்பாடு. போர் நடக்க நடக்க எதிரி கொழுக்கிறான்.

கிருமிப் படலம் வேரோரமாகக் கீழே இறங்குகிறது. எலும்பு அதன் வழியில் இருக்கிறது. கிருமி எலும்பைத் தின்றுவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் எலும்பைக் கரைப்பது நம் உடலேதான். ஈறில் குவிந்த எதிர்ப்புச் செல்கள் ஒரு புரதச் சமிக்ஞையை வெளியிடுகின்றன. அது கிடைத்ததும், வெள்ளணுக்களின் அதே குலத்தில் பிறந்த சில செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்லாக மாறுகின்றன. அதன் பெயர் ஆஸ்டியோகிளாஸ்ட். அது எலும்பின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்து, தன் விளிம்பை ஒரு வளையமாக இறுக்கி ஒட்டிக்கொள்கிறது. தரையில் கவிழ்த்த கிண்ணம் போல அடியில் ஓர் அடைபட்ட அறை உருவாகிறது. அந்த அறைக்குள் அமிலத்தைச் சுரந்து கால்சியத்தைக் கரைக்கிறது. பிறகு நொதியை விட்டுப் புரதத்தை அறுக்கிறது. ஒரு குழி தோண்டியானதும் நகர்ந்துபோய் அடுத்த இடத்தில் கவிழ்கிறது.

ஏன் உடல் தன் எலும்பைத் தானே கரைக்க வேண்டும்? படலத்தின் முனைக்கும் எலும்பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தவர்கள், அது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டருக்குள் இருப்பதைக் கண்டார்கள். கிருமி ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் எலும்பும் ஒரு மில்லிமீட்டர் பின்வாங்குகிறது. எலும்பைக் கிருமி தொட விடாமல் உடல் ஓர் இடைவெளியைக் காக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தாடை எலும்புக்குள் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. அதற்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தை விட்டுக்கொடுத்து, கடைசியில் பல்லையே விட்டுவிடுகிறது. பல் விழுந்த இடத்தில் ஈறு மூடிக்கொள்கிறது, வீக்கம் வடிகிறது. உடலின் கணக்கில் நோய் தீர்ந்துவிட்டது. பல் போனது நமக்குத்தான் நஷ்டம்.

இந்தப் பின்வாங்கல் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. அதை உலகுக்குக் காட்டியவர்கள் தமிழர்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1970இல் அதே ஹரால்ட் லோ இலங்கை மலையகத்துக்கு வந்தார். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்துக் குறித்துக்கொண்டார். பிரஷ் என்பதே அவர்களுக்கு அறிமுகமில்லை. பல் மருத்துவர் எட்டிப் பார்த்ததில்லை. சொத்தைப் பல் மட்டும் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆகவே விழுந்த பல்லெல்லாம் ஈறு நோயால் விழுந்தவை என்று எடுத்துக்கொள்ள முடிந்தது. 1985 வரை குழு திரும்பத் திரும்ப வந்து அளந்தது.

அநேகமாக எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது, காரை படிந்திருந்தது. ஆனால் எலும்பின் கதை மூன்றாகப் பிரிந்தது. ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பாய்ந்தது: 20 வயதிலேயே பல் விழத் தொடங்கி, 40 வயதில் 20 பற்கள் போய், 45இல் வாய் முழுக்கப் பொக்கை. 81 சதவீதத்தினருக்கு மெதுவாக நகர்ந்து, 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயிருந்தன. மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. பல் எதுவும் போகவில்லை என்றே சொல்லலாம். ஒரே தோட்டம், ஒரே சாப்பாடு, ஒரே அழுக்கு. வேறுபட்டது அவரவர் உடல் காட்டிய எதிர்ப்பின் சீற்றம். பற்றவைப்பது கிருமி, வீட்டை எவ்வளவு எரிப்பது என்று தீர்மானிப்பது உடல்.

2010இல் அவர்களில் 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடியும் அளந்தார்கள். 40 ஆண்டுத் தொடர்ச்சி. 30 வயதில் பல்லின் பிடிமான இழப்பு, அதாவது பல்லின் மேல் ஈறின் பிடி கீழிறங்கிய தூரம், சராசரியாக 1.81 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு, 60 வயதில் குறைந்தது 20 பற்களாவது மிஞ்சும் வாய்ப்பு அதிகம் என்பது தெரியவந்தது. புகைபிடிப்பதும் காரையும் நோயைத் தொடங்கி வைப்பதோடு சம்பந்தப்பட்டவை என்பதும் உறுதியானது. ஈறு நோய் பற்றிய பாடப்புத்தகங்களில் இந்த எண்கள் இடம்பெறுகின்றன. இரண்டு ஆண்டில் முடிவு காட்டு என்று கேட்கும் இன்றைய நிதி ஒதுக்கீட்டு முறையில் இப்படியோர் ஆய்வை யாரும் தொடங்கவே முடியாது. அது பெரிய இழப்பு. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். துலக்கினால் ஈறு ஆறும் என்று 1965இல் நிரூபித்தவரே, துலக்கத் தெரியாதவர்களின் பற்கள் விழுவதை 15 ஆண்டுகள் அளந்திருக்கிறார். சிகிச்சையின்றி நோய் எப்படிப் போகும் என்பதுதான் ஆய்வின் கேள்வி, எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் மனம் ஆறவில்லை. அந்தத் தொழிலாளர்களின் வாய் தந்த அறிவால்தான் இன்று என் அம்மாவின் பல் நிற்கிறது.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. பல் ஆடுகிறது என்று அழைத்துப் போனேன். “மேல்பல்லில் கை வைத்தால் கண் போய்விடும்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பல்லுக்குப் போகும் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. இந்தப் பயத்தால் எத்தனை பேர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுப் பல்லை இழந்திருப்பார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது. மருத்துவர் மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கினார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். “மூன்று, இரண்டு, மூன்று” என்று அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொண்டார். மூன்று வரை பரவாயில்லை. நான்கு என்றால் பை. கீழ்க் கடைவாயில் “ஏழு” என்றார். கம்பி வெளியே வந்தபோது அதன் பின்னால் ஒரு சொட்டு ரத்தம் எழுந்து நின்றது.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குள் இறங்கி வேரைச் சுரண்டினார். அரிசிக் குருணை அளவுக்குக் கருத்த துண்டு ஒன்றைத் தட்டில் வைத்துக் காட்டினார். ஈறுக்குக் கீழே படியும் காரை கருப்பாக இருப்பதற்கு, கசிந்த ரத்தத்தின் நிறமிகளும் ஒரு காரணம். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பது அந்தத் தட்டைப் பார்த்தால் விளங்கும். எலும்பு கரைந்த பிறகு பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பல்லைப் பிடித்து வைத்திருந்தது அந்தக் கல்தான். கல் போனதும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீங்கிய ஈறு வடிவதால் இடைவெளியும் தெரிகிறது. இரண்டுமே சிகிச்சை செய்த கேடு அல்ல.

மாத்திரை தரமாட்டீர்களா என்று கேட்டார் அம்மா. இந்தக் கேள்விக்கான பதில் 1683இலேயே கிடைத்துவிட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக் தன் பல்லழுக்கை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் நெளியும் உயிர்களை விவரித்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அழுக்கை எடுத்து வினிகரில் கலந்தால் அவை செத்தன. வினிகரால் வாய் கொப்பளித்தால் பல்லில் இருந்தவை சாகவில்லை. படலத்தின் மேல்பரப்பில் இருப்பவற்றைத்தான் வினிகர் கொல்கிறது, ஊடுருவிப் போவதில்லை என்று முடிவுகட்டினார். ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் மவுத்வாஷும் தனியாக நின்று இந்த நோயைத் தீர்க்காததற்கு இதுவே முக்கியக் காரணம். படலத்தைக் கையால் உடைத்துத்தான் ஆக வேண்டும்.

மூன்று மாதம் கழித்து அந்த ஏழு, நான்காகியிருந்தது. சுருங்கிய பையில் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கவில்லை. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளராது. பை ஆழமாகவே நின்றுவிட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் கூடுதல் லாபம் இருக்கிறது. ஈறுக்குச் சிகிச்சை செய்தவர்களின் மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) ஏறக்குறைய 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்று, பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வு கணக்கிட்டது. சர்க்கரைக்கு மாத்திரை எழுதும் மருத்துவர்கள் எல்லோரும் நோயாளியை வாய் திறக்கச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆசிரியை அம்மாவுக்கு: இன்றிரவு ரத்தம் வரும் இடத்திலிருந்தே தொடங்குங்கள். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சிறிதாக அசையுங்கள். பல்லிடுக்குக்கு மருந்துக் கடையில் குட்டி பிரஷ் கிடைக்கும். முதல் நான்கைந்து நாள் வாஷ்பேசினில் ரத்தம் தெரியும், நிறுத்திவிடாதீர்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றாலும் நிற்காவிட்டாலும் ஒருமுறை போய், கம்பி வைத்து அளக்கச் சொல்லுங்கள். என்ன எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.