கழுத்து நீளமென்றால் ஷோல்டர் ரெஸ்ட்டை ஏற்றாதீர்கள்

கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு இன்னொரு வயலின் பிள்ளை போன வாரம் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தாள். கிரேடு ஃபைவ் பரீட்சைக்குத் தயாராகிறவள். அம்மா கையில் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை என்று தடித்த ஃபைல். எல்லாம் நார்மல். "எந்நேரமும் ஃபோன் பார்க்கிறா டாக்டர், அதான்" என்று பிள்ளைக்குத் திட்டு வேறு. வயலினை எடுத்து வாசிக்கச் சொன்னேன். வயலினுக்கு அடியில் மாட்டும் தாங்கியான ஷோல்டர் ரெஸ்ட்டின் இரண்டு கால்களும் திருகு எவ்வளவு வெளியே வருமோ அவ்வளவுக்கு ஏற்றப்பட்டிருந்தன. தோளின் மேல் பரண் கட்டி, அதில் வயலினை ஏற்றி வைத்தது மாதிரி இருந்தது. ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டேன். "கழுத்து நீளமா இருக்குல்ல, அதனால ரெஸ்ட்டை ஏத்திக்கச் சொன்னாங்க."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு விஷயம். தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்கும் கர்நாடக சங்கீத மாணவர்களுக்கு இந்தச் சாமான் தேவையில்லை. செட்டோடு வந்ததே, வீணாகப் போகிறதே என்று மாட்டவேண்டாம். பெட்டியிலேயே கிடக்கட்டும். நான் சொல்வதெல்லாம் நின்றோ நாற்காலியில் உட்கார்ந்தோ மேற்கத்திய முறையில் வாசிக்கிறவர்களுக்கு: சர்ச்சில் வாசிப்பவர்கள், ஆர்கெஸ்ட்ராக்காரர்கள், ட்ரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற மேற்கத்திய இசைப் பரீட்சைகள் எழுதும் பிள்ளைகள்.

இப்போது கழுத்து நீளக் கதைக்கு வருவோம். வயலின் உட்காரவேண்டிய இடம் காறை எலும்பு, அதாவது கழுத்துக்குக் கீழே குறுக்கே ஓடும் எலும்பு. தோள் அல்ல. அந்த எலும்பின் மேல் வயலினை வைத்த பிறகு இரண்டு இடங்களில் சந்து விழும். ஒன்று, வயலினுக்கு மேலே, தாடைக்கும் பலகைக்கும் நடுவில். இன்னொன்று, வயலினுக்குக் கீழே, அதன் முதுகுக்கும் நம் நெஞ்சு, தோளுக்கும் நடுவில். மேலே இருக்கும் சந்தை நிரப்புவது, தாடையை வைக்கும் சின் ரெஸ்ட். கீழே இருப்பதை நிரப்புவது ஷோல்டர் ரெஸ்ட். கழுத்து நீளமாக இருந்தால் எந்தச் சந்து பெரிதாகும்? மேலே இருப்பதுதானே? அப்புறம் எதற்குக் கீழே இருப்பதை ஏற்றுகிறீர்கள்?

கீழே ஏற்றினால் வயலின் எலும்பை விட்டுக் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு அதைத் தாங்குவது தோள் மட்டும்தான். தோளோ அசைந்துகொண்டே இருக்கிற பாகம். இடது கை உயர்ந்த சுரங்களுக்கு நகரும்போது அசையும், வைப்ரேட்டோ கொடுக்க விரலை ஆட்டினால் அசையும். கூடவே வயலினும் ஆடும். ஆடக்கூடாதென்று பிள்ளை தோளைத் தூக்கி முட்டுக்கொடுக்கும், மேலிருந்து தாடையால் அழுத்தும். அப்போதும் நழுவும். நழுவுகிறதே என்று ரெஸ்ட்டை இன்னும் ஒரு திருகு ஏற்றுவார்கள். வலது பக்கமும் தப்பாது. வாத்தியம் உயர்ந்துவிட்டதால் தடித்த கம்பியான ஜி கம்பியில் வில்லை வைக்க வலது கையை அவ்வளவுக்குத் தூக்கவேண்டியிருக்கும். இடது கழுத்துக்குப் பிசியோதெரபி முடிந்து போனவர்கள், இரண்டு மாதத்தில் வலது தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவதன் ரகசியம் இதுதான்.

இதன் கூடப்பிறந்தது இன்னொன்று: "கையை எடுத்தாலும் வயலின் விழக்கூடாது" என்ற சோதனை. ஆசிரியர்களே, உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். ஓரிரு நொடி செய்து பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பிள்ளைகள் அதையே வாசிக்கும் முறையாக எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரமும் இடுக்கிப் பிடிக்கிறார்கள். சின் ரெஸ்ட்டும் ஷோல்டர் ரெஸ்ட்டும் சேர்ந்தாலும் வயலின் அரை கிலோ, அதற்குக் கொஞ்சம் மேலே. வளர்ந்தவர் தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. தலையின் கனத்தைச் சும்மா சாய்த்து வைத்தாலே போதும். மீதியை இடது கை தாங்கட்டும், அதற்கும் அதில் பங்கு உண்டு.

"யூடியூபில் பெரிய வயலின் மேதை பெர்ல்மன் ஷோல்டர் ரெஸ்ட்டே இல்லாமல் வாசிக்கிறாரே?" என்று கேட்கும் அப்பாக்களும் வருகிறார்கள். ஆமாம், வாசிக்கிறார். ஹைஃபெட்ஸும் அப்படித்தான். ஆன்-சோஃபி முட்டரும் ரெஸ்ட் இல்லாமல், துணியும் மறைக்காத வெறும் தோளில்தான் வைத்து வாசிக்கிறார். ஹிலரி ஹான் ரெஸ்ட் போட்டு வாசிக்கிறார். அவரவர் கழுத்து, அவரவர் தோள். சின் ரெஸ்ட்டே 1820 வாக்கில் ஜெர்மன் வயலின் கலைஞர் லூயி ஷ்போர் கொண்டுவந்ததுதான். ஷோல்டர் ரெஸ்ட் பரவியது அதற்கும் வெகுகாலம் கழித்து. ஆகவே இது கட்டாயம் என்றும் நான் சொல்லமாட்டேன், கௌரவக் குறைச்சல் என்றும் சொல்லமாட்டேன்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? ஷோல்டர் ரெஸ்ட்டைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடி முன்னால் கைகளைத் தொங்கவிட்டு நேராகப் பார்த்து நில்லுங்கள். வயலினைக் காறை எலும்பில் வைத்து, தலைப்பகுதியை யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாடைக்கும் சின் ரெஸ்ட்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தால் போதும். "சரி" என்று தலையாட்டுகிற அளவு அசைவில் தாடை போய் உட்கார்ந்துவிடும். இரண்டு மூன்று விரல் நுழைந்தால் உயரமான சின் ரெஸ்ட் வாங்குங்கள். வாத்தியம் பழுதுபார்ப்பவர்கள் சின் ரெஸ்ட்டுக்கு அடியில் கார்க் வைத்தும் உயர்த்தித் தருவார்கள். தாடை எங்கே இறங்குகிறது என்பதையும் பாருங்கள். சிலருக்கு நட்ட நடுவில் உட்காரும் ஃப்ளெஷ் மாதிரியும், சிலருக்கு இடது பக்கம் இருக்கும் காஃப்மன் மாதிரியும் பொருந்தும்.

அது முடிந்த பிறகுதான் கீழ்ப்பக்கம். ஒரு துண்டை மடித்து வயலினுக்கு அடியில் வையுங்கள். தோளைத் தூக்காமல் வயலின் நிலையாக நிற்கும்வரை மடிப்பைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். அந்தத் தடிமன்தான் உங்களுக்கு வேண்டிய ரெஸ்ட்டின் உயரம். பெரும்பாலானவர்களுக்கு அவர்கள் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வரும்.

கடையில் எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும். குன் வகையில் அகலம், உயரம் இரண்டையும் மாற்றலாம். பலருக்கு அதுவே போதும். செட்டோடு வரும் மலிவு ரெஸ்ட்டுகள் பலவும் அதே வடிவம்தான், மோசமில்லை. உல்ஃப் ஃபோர்ட்டே செகண்டோ நன்றாக உயரும், வளைக்கவும் முடியும். சரிந்த தோள் உள்ளவர்களுக்கு போன்மியூசிக்கா தோளைத் தாண்டி வளைந்து பிடித்துக்கொள்ளும்; ஆனால் கனம் கூடுதல். பிராஸ்ட்ரோவின் கோர்ஃப்கர் ரெஸ்ட் விலைக்கு ஆரம்ப மாணவருக்கு வயலினே வாங்கிவிடலாம். வலி வந்த பயத்தில் நேராக அதை ஆர்டர் போடாதீர்கள். வகுப்பில் கூடப் படிப்பவர்களிடம் இரவல் வாங்கி, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரமாவது வாசித்துப் பாருங்கள். கடையில் இரண்டு நிமிடம் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும்.

மாட்டும் திசையும் முக்கியம். குன் மாதிரி ரெஸ்ட்டுகளில் அகலமான முனை சின் ரெஸ்ட் இருக்கும் பக்கம், தோளுக்கு வரவேண்டும். ஒடுங்கிய முனை நெஞ்சுப் பக்கம். இதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வாசிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

வளர்கிற பிள்ளை என்று அடுத்த சைஸ் வாங்கும் பழக்கத்தை யூனிஃபார்மோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அம்மா. அரை சைஸ் வயலினுக்கு முழு சைஸ் ரெஸ்ட் பிடிக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு பாருங்கள். 1/16, 1/8 வயலின் வைத்திருக்கும் பொடிசுகளுக்கு ரெஸ்ட் வாங்கவே வேண்டாம். நல்ல ஸ்பாஞ்சை வெட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் வேலை முடிந்தது.

வயலினைவிடப் பெரிய வயோலாவை வாசிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் வாத்தியத்தின் உடல் 15 அங்குலத்திலிருந்து 16½ அங்குலமும் அதற்கு மேலும் போகும். பக்கப் பலகையும் உயரம், எடையும் கூடுதல். கை எட்டாமல் தோள் வலித்தால் எந்த ரெஸ்ட்டும் காப்பாற்றாது. நாதம் பெரிதாக இருக்கிறதென்று பெரிய வயோலா வாங்கிய குட்டைக் கைக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சின்னதாக மாற்றுங்கள். கோபித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை. வயலின் ரெஸ்ட்டை இழுத்துப் பிடித்து வயோலாவில் மாட்டவும் கூடாது. வாசிக்கும்போதே கழன்று விழும்.

ரெஸ்ட் காலில் இருக்கும் ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். உள்ளே இருக்கும் உலோகம் வார்னிஷைக் கீறிவிடும். பெட்டியை மூடும் முன் ரெஸ்ட்டைக் கழற்றுங்கள். தாடைக்குக் கீழே தோல் கறுத்துச் சொரசொரப்பாவது பல வயலின்காரர்களுக்கு உண்டு. அரிப்பும் நீர்க்கோத்த கொப்புளமும் இருந்தால் சின் ரெஸ்ட் கிளாம்பில் இருக்கும் நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லையா என்று தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னை வியர்வைக்கு இது சீக்கிரமே கிளம்பும். இப்போதைக்கு ஒரு பருத்திக் கைக்குட்டையைப் போட்டுக்கொள்ளலாம்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போவது, கையில் பலம் குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வாயைத் திறந்தால் தாடையில் பூட்டிக்கொள்வது: இதில் ஒன்று இருந்தாலும் திருகைத் தொட்டு நேரத்தைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். பரீட்சை வருகிறதே என்று வலி மாத்திரை போட்டு வாசிக்க வைக்காதீர்கள். பரீட்சை அடுத்த முறையும் வரும்.

என்னைப் போன்ற இயன்முறை மருத்துவர் யாரிடம் போனாலும் ஸ்கேன் ஃபைலோடு வயலினையும் கொண்டுபோங்கள். வில், ஷோல்டர் ரெஸ்ட், வாசிக்கும்போது முன்னால் வைக்கும் ஸ்டாண்டு எல்லாமும் வேண்டும். கிளம்பும் முன் திருகை இறக்கிச் சரிசெய்துவிடாதீர்கள். தினமும் எப்படி மாட்டுகிறீர்களோ அப்படியே மாட்டிக் காட்டுங்கள்.